சூரியனுக்குச் சீருடை அணிவிப்போர்

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு 'விஞ்ஞானமும் சமுதாயமும்' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதும்படி பணித்திருந்தேன். கட்டுரைகளைத் திருத்திக்கொண்டு வருகையில் ஒரு மாணவனின் எழுத்து என்னை நிறுத்தியது. பிழையற்ற நடை, தேடி வாசித்துச் சேர்த்த செய்திகள். போர்க்களத்தில் நிற்கும் இக்காலப் படைவீரன் முதுகுப்பையில் மடித்து எடுத்துச் செல்லும் சூரியத் தகடு பற்றியும், நடக்கும்போது முழங்காலின் அசைவிலிருந்தே மின்சாரம் பெறும் கருவி பற்றியும், திரும்பத் திரும்ப மின்னேற்றத்தக்க இலித்தியம் கலங்கள் பற்றியும் அவன் விரிவாக எழுதியிருந்தான். முடிவுரையில் அவன் சொன்னது இது: போர் கொடியதாயினும் விஞ்ஞானத்தை வளர்ப்பது போரே, இன்று வீரனுக்குக் கிடைத்த பசுமை மின்சாரம் நாளை ஏழையின் குடிசையில் விளக்காக எரியும்.

மொழிக்காக அவனுக்குக் கூடிய புள்ளி வழங்கினேன். கருத்துக்காக அவனுடன் உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது. ஆசிரியர் கூடத்தில் அக்கட்டுரையை வாசித்த நண்பர் ஒருவர், "பெடியன் சொன்னதில் என்ன பிழை?" என்று கேட்டார். அவர் பௌதிகவியல் படிப்பிப்பவர்; முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதிலும் தயக்கமில்லாதவர். வல்லரசுகளின் படைகளே எண்ணெயைக் கைவிட்டுச் சூரியனை நாடுகின்றன என்றால் அது மனித குலத்துக்கு நற்செய்தியல்லவா என்பது அவர் வாதம். இக்கருத்து அவருடையது மாத்திரமன்று. 'பசுமைப் படை' என்ற சொற்றொடர் நல்ல மனிதர் பலரையும் மயக்கி வருகின்றது. ஆகவே அவருக்குச் சொன்ன மறுப்பைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலிற் குறைவின்றிச் சொல்லிவிடுதல் முறை. இன்றைய காலாட்படை வீரன் மின்சாரத்தைச் சுமந்து திரிபவன். வானொலித் தொடர்புக் கருவி, இருளிற் பார்க்கும் கண்ணாடி, இடங்காட்டும் கருவி, கணினி ஆகிய யாவும் மின்கலங்களை விழுங்குவன. மூன்று நாட்கள் நீளும் ஒரு நடவடிக்கைக்குப் புறப்படும் வீரன் ஏறத்தாழ 70 மின்கலங்களைச் சுமக்கின்றான் என்றும், அவற்றின் நிறை மாத்திரம் 7 கிலோகிராம் என்றும் அமெரிக்கத் தரைப்படையினரே கணக்குக் கூறியுள்ளனர். அவர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய ஒருவகை இலித்தியம் கலம் ஒன்றே ஒரு கிலோவளவு பாரம் உடையது. ஒருமுறை பயன்பட்டபின் எறியப்படுவது. பாதி தீர்ந்த கலத்தை நம்பி எவனும் இரவு ரோந்துக்குப் போகமாட்டானாதலால் பாதி உயிருடனேயே அவை எறியப்பட்டன. 2003ஆம் ஆண்டு ஈராக் மீது படையெடுத்தபோது, உலகின் மிகச் செல்வம் படைத்த அப்படைக்கு மின்கலத் தட்டுப்பாடே ஏற்பட்டது.

எரிபொருளின் கதை இதனினும் கொடியது. பாசறைகளில் இரவும் பகலும் ஓடும் மின்பிறப்பாக்கிகளுக்கு டீசல் வேண்டும். அந்த டீசல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் லொறித் தொடரணிகளில் வரவேண்டும். ஆப்கானிஸ்தானில் 2007ஆம் ஆண்டில் 24 எரிபொருள் தொடரணிகளுக்கு ஒருவர் வீதம் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர் என்று அமெரிக்கத் தரைப்படையின் சூழற்கொள்கை நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. அத்தொடரணிகளில் லொறி ஓட்டியோருட் பலர் கூலிக்கு வந்த ஏழை நாட்டுச் சாரதிகள். படைவீரனும் பெரும்பாலும் வேலையற்ற ஊரிலிருந்து வந்த ஓர் உழைப்பாளியின் மகனே. அவன் முதுகிற் பாரம் குறைவதையோ, ஒரு சாரதி உயிர் தப்புவதையோ வெறுக்கும் அளவுக்கு நாம் கல்நெஞ்சர் அல்லோம். இதுவரை நண்பரோடு எனக்குப் பிணக்கில்லை.

பிணக்கு அடுத்த கேள்வியிலிருந்து தொடங்குகின்றது. இக்கருவிகளை வேண்டியவர் யார், எதற்காக வேண்டினர்?

ஈராக் படையெடுப்பில் அமெரிக்க மரைன் படைப்பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் மற்றிஸ், எரிபொருள் என்னும் கயிற்றிலிருந்து தம் படையை அவிழ்த்துவிடுமாறு 2003இல் வேண்டினார். தம் படை மேலும் விரைவாக மேலும் தொலைவு செல்ல முடியாதிருந்ததே அவர் கவலை. 2006இல் ஈராக்கின் மேற்குப் பகுதியிற் படைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஜெனரல் ரிச்சர்ட் சில்மர், சூரியனாலும் காற்றாலும் மின்சாரம் தரும் அமைப்புகளை அவசரமாக அனுப்புமாறு மேலிடத்துக்கு எழுதினார். தொடரணிகள் தாக்கப்படுவதே அவர் காட்டிய காரணம். ஆப்கானிஸ்தானின் தொலைவான முகாம்களுக்கு ஒரு கலன் எரிபொருளைக் கொண்டு சேர்க்க 400 டொலர் வரை செலவாகின்றது என்று 2009இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தம் நாட்டுச் சட்டமன்றக் குழுவிடம் தெரிவித்தது. ஒரு கலன் என்பது நாலு லீற்றருக்கும் குறைவு.

வேகம், இழப்பு, செலவு: கோரிக்கையின் காரணங்கள் இவை மூன்றுமே. ஈராக்கியக் குழந்தையின் நுரையீரலோ, ஆப்கானிய விவசாயியின் கிணறோ, பூமியின் வெப்பமோ இவற்றில் எங்கும் இல்லை. படைத்தலைவர்கள் இதனை மறைக்கவுமில்லை; தம் தொழிலுக்கு வேண்டியதை வெளிப்படையாகவே கேட்டனர். அதற்குப் பச்சை வர்ணம் பூசி எமக்கு விற்றவர் வேறு சிலர். ஆக்கிரமிப்பு ஒன்றின் செலவு குறையுமானால் அந்த ஆக்கிரமிப்பு நீடிக்கும். பெட்டியிற் பிணமாகத் திரும்பும் வீரர் தொகை குறையுமானால் உள்நாட்டில் எழும் எதிர்ப்பும் குறையும். ஆகவே சூரியத் தகடு போரைச் சுருக்குகின்றதா, நீட்டுகின்றதா என்பதே நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

பொதுப்படப் பேசுவதை விடுத்து ஓர் இடத்தை எடுத்துப் பார்ப்போம். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்திற் சங்கின் என்றொரு ஊர் உண்டு. 2010ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மரைன் படையின் ஒரு கம்பனி, மடிக்கத்தக்க சூரியத் தகடுகளுடனும், மின்சாரத்தைச் சேமித்து வழங்கும் பெட்டிகளுடனும், சிக்கன விளக்குகளுடனும், வெப்பம் புகாத கூடார விரிப்புகளுடனும் அங்கே இறங்கிற்று. புதிய கருவிகளின் பரீட்சைக்களம் அதுவே. பேறும் வியப்பானதாகவே இருந்தது. சிறு பாசறைகள் இரண்டு முற்றாகச் சூரியனிலேயே இயங்கின. வேறொன்றில் நாளொன்றுக்கு 20 கலன் ஆக இருந்த எரிபொருட் செலவு இரண்டரைக் கலனாகக் குறைந்தது. ரோந்து சென்ற ஓர் அணி மூன்று வாரம் புதிய மின்கலமெதுவும் பெறாமலே இயங்கிற்று. 300 கிலோவுக்கு மேற்பட்ட மின்கலங்களைச் சுமக்கும் தேவை இல்லாது போயிற்று. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. எனது மாணவன் வாசித்ததும் இக்கதையின் ஏதோவொரு பிரதியாகத்தான் இருக்கவேண்டும்.

அவன் வாசித்திராத பாதி ஒன்று உண்டு. சங்கினுக்கு அப்பால் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் ஹெல்மண்ட் நதியின் மேற் கஜாக்கி அணை நிற்கின்றது. 1950களில் அமெரிக்கக் கம்பனி ஒன்று கட்டிய அணை அது, 1953இல் நிறைவெய்தியது. 1975இல் அதன் மின்நிலையத்தில் இரு சுழலிகள் பூட்டப்பட்டன. மூன்றாவதற்கு இடம் விடப்பட்டது. கந்தகாருக்கும் ஹெல்மண்டுக்கும் ஒளி தரவேண்டிய நிலையம் அதுவே. 2008ஆம் ஆண்டில் அந்த மூன்றாஞ் சுழலியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஏறத்தாழ 200 தொன் பாரத்தை, 100 வாகனங்கள் கொண்ட தொடரணியில், பிரித்தானியப் படையினர் முன்னணியில் நிற்க ஆயிரக்கணக்கான வீரர் காவலுடன் அணைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். பெருஞ் சாதனை என்று உலகெங்கும் பறைசாற்றப்பட்டது. ஆனால் அதனை நிலையில் நிறுத்துவதற்கு வேண்டிய நூற்றுக்கணக்கான தொன் சீமெந்தைக் கொண்டுசெல்லப் பாதை பாதுகாப்பாக இருக்கவில்லை. சுழலி பெட்டிகளிற் கிடந்தது. மரைன் வீரர் சங்கினிற் சூரியத் தகடுகளை விரித்தபோதும் அது கிடந்தது. அவர்கள் புறப்பட்டுப் போன பின்னருங் கிடந்தது. 2016இலேயே அது பூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் சங்கின் தலிபான்களின் கைக்கு மாறிற்று.

இடைக்காலத்திற் கந்தகார் மக்களுக்கு என்ன கிடைத்தது? டீசல் மின்பிறப்பாக்கிகள்! தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி 2011ஆம் ஆண்டளவில் நகரத்தையொட்டி நிறுவப்பட்ட அந்நிலையங்களுக்கு அமெரிக்கப் பணத்திலேயே எரிபொருள் வாங்கப்பட்டது. 2015இல் அப்பணம் நின்றது, மின்சாரமும் வீழ்ந்தது. இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஒரே நாடு, ஒரே காலம், ஒரே வெயில். டீசல் விலைமிக்கது, ஆபத்தானது, நம்பத்தகாதது என்று கண்டறிந்து தம் வீரருக்குச் சூரியனைக் கொடுத்தவர்கள், ஊர்மக்களுக்கு டீசலைக் கொடுத்தனர். அறிவு இல்லாமையால் அல்ல. அறிவு எவருக்காக என்ற முடிவு முன்னரே எடுக்கப்பட்டிருந்தமையால்.

அந்தச் சங்கினில் ஏழு மாதங்களுள் அக்கம்பனியைச் சேர்ந்த பற்றாலியன் 25 பேரைப் பலிகொடுத்தது. அவர்களும் எவரோ பெற்ற பிள்ளைகள். சூரியத் தகடு அவர்களைக் காப்பாற்றவில்லை; காப்பாற்றவும் முடியாது. கண்ணிவெடி புதைந்த வயல்வரப்பில் நடக்கும்படி அனுப்பப்பட்டவனுக்கு மின்கலத்தின் பாரம் முதற் பிரச்சினையன்று. அவன் ஏன் அங்கே நிற்கின்றான் என்பதே முதற் பிரச்சினை. அதற்கு விடை கூறும் கருவி எந்த ஆய்வுகூடத்திலும் செய்யப்படவில்லை.

ஹெல்மண்டின் சூரியக் கதைக்கு இன்னுமோர் அத்தியாயம் உண்டு. 2013ஆம் ஆண்டளவிலிருந்து அம்மாகாணத்து விவசாயிகள் சந்தையிலே தம் கைக்காசு கொடுத்துச் சூரியத் தகடுகளை வாங்கி, ஆழ்கிணறுகளில் நீர்ப்பம்பிகளை இயக்கத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அவை பல்லாயிரமாகப் பெருகிப் பாலைநிலத்தைப் பச்சையாக்கின. எந்தத் தளபதியும் அவர்களுக்கு இதனைக் கற்பிக்கவில்லை. டீசலின் விலையே கற்பித்தது. ஆனால் திட்டமிடும் பொது அமைப்பு எதுவும் அங்கே இல்லாமையால், அபினிக்கான கசகசாச் செடியே பெரும்பரப்பிற் பயிராயிற்று. நிலத்தடி நீர்மட்டமும் ஆண்டுக்காண்டு இறங்கிற்று. சூரியன் மக்கள் கையில் வந்தாற் போதும், யாவும் தாமே சீராகிவிடும் என்று நினைப்போரும் இதனைக் கவனிக்கவேண்டும். சமுதாய ஒழுங்கு இல்லாத இடத்தில் வெயிலுங்கூடக் கிணற்றை வற்றச் செய்யும்.

இனி நண்பரின் பிரதான வாதத்துக்கு வருவோம். போர்தான் விஞ்ஞானத்தின் தாய். போர்க்களத்திற் பிறந்தது பின்னர் வீட்டுக்கு வரும் என்பது அது. பௌதிகவியல் ஆசிரியர் இப்படிச் சொல்வது எனக்கு வியப்பையே தருகின்றது. தமிழ் படித்த நானே பார்க்கக்கூடிய வரலாறு நேர்மாறாக இருக்கின்றதே!

ஒளி மின்னைத் தோற்றுவிக்கும் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி பெக்கரல் 1839இற் கண்டார். அங்கே போர் இல்லை. பயன்தரத்தக்க சிலிக்கன் சூரியக்கலத்தை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மூவர் ஆக்கினர். அவர்களுள் ஒருவரான சப்பின் தேடியது என்ன? வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் தொலைபேசிக் கம்பிகளுக்கு மின் கொடுத்த உலர்கலங்கள் விரைவிற் கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்று வேண்டும் என்பதே. தோட்டாவை அல்ல, மனிதக் குரலைக் கொண்டுசெல்லப் பிறந்தது சூரியக்கலம். அடுத்த ஆண்டே அது ஜோர்ஜியா மாநிலத்து நாட்டுப்புறத் தொலைபேசிக் கம்பியிற் பரீட்சிக்கப்பட்டது. விலை மிகுதியால் அது மண்ணிற் பரவவில்லை, விண்ணுக்குச் சென்றது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்ட் செய்மதியில், சாதாரண மின்கலத்தில் இயங்கிய ஒலிபரப்பி அதே ஆண்டில் ஓய, சூரியக்கலத்தில் இயங்கியது 1964 வரை பேசிற்று. செய்மதித் திட்டங்களிற் படையினர் பணம் இருந்தது உண்மையே, அதனை மறுக்கவில்லை. ஆயினும் அக்கலம் ஏழைக்கும் எட்டும் விலைக்கு வந்தமைக்குக் காரணம் படையினரல்லர். ஜேர்மனி 2000ஆம் ஆண்டில் இயற்றிய புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டமும், அதன்பின் சீனத் தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாக நிகழ்ந்த உற்பத்தியுமே அவ்விலையைச் சரித்தன.

மின்கலத்தின் வரலாறும் இத்தகையதே. லெக்லான்சேயின் கலம் 1866ஆம் ஆண்டுக்குரியது; தந்திக்கும் புகையிரதச் சேவைக்கும் உழைத்தது. இன்று வீரன் முதுகில் ஏறியுள்ள இலித்தியம் அயன் கலத்துக்கு வித்திட்ட ஆய்வுகளில் ஒன்று 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் ஓர் எண்ணெய்க் கம்பனியிலேயே நடந்தது. அக்கலத்தை 1991இல் முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம். வீட்டார் பயன்படுத்தும் நிழற்படக் கருவிகளிலேயே அது குடியேறிற்று. அதனை ஆக்கிய மூவருக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வீட்டிலிருந்து பாசறைக்கே மின்கலம் சென்றது. மக்களின் உழைப்பிலும் தேவையிலும் பிறந்ததைக் கடன் வாங்கிச் சென்றவர்கள், திரும்பி வந்து தாமே தந்ததாகச் சொல்கின்றனர். நாமும் நன்றி கூறி நிற்கின்றோம்!

அடுத்தது, பூமியைக் காக்கும் வாதம். தனியொரு நிறுவனம் என்ற வகையில் உலகிலேயே மிகுதியாகப் பெற்றோலிய எரிபொருளை நுகர்வது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமே என்று பிறவுண் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டமொன்றுக்காக நீற்றா குறோபோர்ட் 2019இல் எழுதினார். 2017ஆம் ஆண்டில் அது வெளியேற்றிய பசுங்குடில் வாயுக்கள் 590 இலட்சம் தொன் என்பது அவர் மதிப்பீடு. சுவீடனோ டென்மார்க்கோ ஒரு நாடு முழுவதுமாக வெளியேற்றியதிலும் அது அதிகம். அவ்வெரிபொருளிற் பெரும்பகுதி விமானங்களுக்கே போகின்றது. பி-52 குண்டுவீச்சு விமானமொன்று ஒரு மணி நேரத்தில் 10,000 லீற்றருக்கு மேற் குடிக்கின்றது. சங்கினில் ஒரு பாசறை நாளொன்றுக்கு மிச்சம் பிடித்ததோ 70 லீற்றர் அளவு. கீழே வீரன் தகட்டை விரித்து மிச்சம் பிடிப்பதை மேலே பறப்பது சில விநாடிகளில் எரித்துவிடுகின்றது. அன்றியும் 1997இற் கியோத்தோ உடன்படிக்கை எழுதப்பட்டபோது வெளிநாடுகளில் நடைபெறும் கூட்டுப் படை நடவடிக்கைகளின் வாயுக் கணக்குக்கு விலக்களிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்பாடோ அக்கணக்கை நாடுகளின் விருப்பத்துக்கே விட்டது. கணக்குக் காட்டாத வீட்டில் உண்டியலை மாத்திரம் காட்டிச் சிக்கனம் பேசுவதே 'பசுமைப் படை'.

"அப்படியாயின் மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளப் போராடும்போதும் இக்கருவிகள் கூடாதா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இரண்டாம் உலகப் போரில் நாற்சிப் படைகளின் பின்புறத்தே காடுகளில் நின்று போராடிய சோவியத் கொரில்லாக்களுக்கு ஒரு கேத்தில் கிடைத்தது. லெனின்கிராட் விஞ்ஞானி அப்ராம் யொஃபேயின் ஆய்வுக் குழுவிற் பிறந்தது அது. பாத்திரத்தின் அடியில் இருவகை உலோகக் கலவைகளின் இணைப்புகள் பொருத்தப்பட்டிருந்தன. கீழே விறகு நெருப்பு, உள்ளே நீர். இவ்விரண்டுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடே மின்னைத் தோற்றுவித்தது. 1821இற் சீபெக் கண்ட தத்துவம் அது. சில வாற்று மின்சாரமே கிடைத்தது. ஆனால் சுள்ளி பொறுக்கிச் சோறு சமைக்கும் நேரத்தில், தலைமையுடன் வானொலியிற் பேச அது போதுமானது. போர் முடிந்தபின் 1950களில் அதே தத்துவம் மண்ணெண்ணெய் விளக்கின் மேல் ஏறிற்று. மின்சாரம் எட்டாத கிராமங்களில் விளக்கு எரிந்த சூட்டிலேயே வானொலி பாடிற்று.

இக்கேத்திலுக்கும் சங்கினின் சூரியத் தகட்டுக்கும் பௌதிகவியலில் வேறுபாடு சிறிது. வரலாற்றில் வேறுபாடு பெரிது. ஒன்று தன் மண்ணில் நின்றவனுடையது. பின்னர் அம்மண்ணின் கிராமத்துக்கே திரும்பியது. மற்றது அயலான் மண்ணுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வயலானுக்கு ஒரு விளக்கையும் வைக்காமல் மூட்டை கட்டப்பட்டது. ஆயினும் இதனைச் சொல்லும்போது நாம் நேர்மையுடன் இருத்தல் வேண்டும். அதே சோவியத் நாடு 1979 டிசெம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பி, 1989 பெப்ரவரி வரை அங்கே நின்றது. அப்படையினர் கையில் இருந்த எந்த மின்கலத்தையும் நான் போற்றப் போவதில்லை. கருவிக்கு என்றென்றைக்குமாகக் கட்சி கிடையாது. அதை ஏந்தியவன் எங்கே, எவருக்கு எதிராக நிற்கின்றான் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கவேண்டும். எமது தரப்பு என்பதற்காக அக்கேள்வியைக் கைவிடுவோமாயின் எதிர்த்தரப்பைக் கேட்கும் தகுதியையும் இழந்துவிடுவோம்.

இக்கேள்வி எமக்கு ஏட்டுக் கேள்வியன்று. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலிற் பற்றரிகளும் இருந்தன. டோர்ச்சில் இடும் பற்றரி போர்ப்பொருளாயிற்று! நான் பாலர் வகுப்புக்குப் போன காலத்தில் எங்கள் வீட்டில் எரிந்தது சிக்கனத்துக்காகச் செய்த ஜாம் போத்தல் விளக்கு. இரவிற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணன் பெடலைச் சுற்றுவார். டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ஐயா வானொலியைக் காதோடு அணைத்துத் தமிழோசைச் செய்தி கேட்பார். அண்ணன் களைத்தாற் செய்தி தேயும். முற்றத்தில் நிற்கும் அயலவர் ஒருவர் வந்து பெடலை வாங்கிக்கொள்வார். தீர்ந்த பற்றரியை வெயிலிற் காயவைத்தும், ஆணியால் துளையிட்டு உப்புநீர் ஊற்றியும் அதன் கடைசி உயிரைப் பிழிந்தெடுத்தோரும் உண்டு. எடுத்துச் செல்லத்தக்க, புதுப்பிக்கத்தக்க மின்மூலம் என்று இன்று பெருந்தொகைக்கு ஆய்வு செய்கின்றார்களே, அதனை எமது முற்றத்தில் யாரும் ஆய்வுப் பணம் பெறாமலே செய்தார்கள். எந்தச் சஞ்சிகையும் அதைப் 'பசுமை' என்று புகழவில்லை. போர் புரிந்தோர் எவரும் பற்றரி இல்லாமையால் போரை நிறுத்தியதாகவும் நாம் கேள்விப்படவில்லை. இருளில் இருந்தது சனம் மாத்திரமே.

அந்த நியாயம் எம்மோடு முடிந்துவிடவுமில்லை. காஸாவுக்குள் போகும் பொருட்களிற் பல, படைக்கும் உதவக்கூடிய 'இருபயன்' பொருட்கள் என்று ஆண்டுக்கணக்காகத் தடுக்கப்பட்டு வந்தன. 2023 அக்டோபர் 11ஆம் திகதி அங்கிருந்த ஒரேயொரு மின்நிலையம் எரிபொருளின்றி நின்றது. அதன்பின் இடியாத கூரைகளில் எஞ்சிய சூரியத் தகடுகளைச் சுற்றி நின்றே மக்கள் தம் தொலைபேசிகளுக்கு உயிரூட்டினர். உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்று கேட்பதற்காக. வீரனின் பையில் முன்னேற்றம் எனப்படும் பொருள், முற்றுகையிடப்பட்ட மக்களின் கையில் ஐயத்துக்குரிய பொருளாகிவிடுகின்றது. எனது மாணவனின் முடிவுரை தலைகீழாக நிற்பது இங்கேதான். பாசறையிலிருந்து குடிசைக்கு மின்சாரம் தானாக நடந்து வருவதில்லை. போர்க்காலத்திற் குடிசையிலிருப்பதும் பறிக்கப்படுகின்றது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் நான் சொல்ல விரும்புவன சில. சூரியக்கலத்தைப் படிப்பியுங்கள், நன்றாகப் படிப்பியுங்கள். அது எப்படி இயங்குகின்றது என்று படிப்பிக்கும் அதே பாடவேளையில், எவருக்காக இயங்குகின்றது என்றும் கேட்கப் பழக்குங்கள். பொதுப் பணத்திற் செய்யப்படும் ஆய்வின் பயன் முதலிற் பொதுமக்களிடமே போகவேண்டும் என்று வாதாடுங்கள். படைகளின் புகையும் நாடுகளின் கணக்கில் ஏறவேண்டும் என்று கேளுங்கள். மருந்தைப் போலவே, விளக்குக்கும் வானொலிக்கும் வேண்டிய மின்னும் எந்தப் போரிலும் குடிமக்களுக்குத் தடுக்கப்படலாகாது என்ற கோரிக்கையை நாம் எழுப்பாவிட்டால் வேறு யார் எழுப்புவர்? இருளில் வளர்ந்த தலைமுறை நாமல்லவா?

அம்மாணவனுடன் ஒருநாள் மாலை இவற்றைப் பேசினேன். பொறுமையாகக் கேட்டான். பின் ஒரு கேள்வி கேட்டான்: "சேர், அப்படியென்றால் அந்த வீரன் ஏழு கிலோவையும் சுமக்கத்தான் வேண்டுமா?"

நல்ல கேள்வி. அவன் இதயம் சரியான இடத்தில்தான் இருக்கின்றது. நான் சொன்னேன்: "தம்பி, ஏழு கிலோவும் வேண்டாம், இரண்டு கிலோவும் வேண்டாம். அவன் பையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். அந்தத் தகட்டை அவன் நின்ற ஊரின் பள்ளிக்கூடக் கூரையில் விட்டுவிட்டுப் போகட்டும்."

கட்டுரையை மீண்டும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கின்றான். முடிவுரையை மாத்திரம் மாற்றினாற் போதாது, தொடக்கத்தையும் மாற்றவேண்டும் என்பதை அவனே கண்டுகொண்டான்.